முதல் லிங்க்

நிறுவனங்களுக்குச் செய்திக்குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு கம்பெனி புதிதாக ஒரு மின்விசிறி விட்டாலும் சரி, பழைய மேனேஜரைத் துரத்திவிட்டுப் புது மேனேஜரை உட்காரவைத்தாலும் சரி, ஊர் உலகமே அதற்காகத்தான் காத்துக்கிடந்தது போல எழுதி இணையத்தில் விடுவோம். செய்தித் தளங்கள் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும். படிக்கிறவர் அதில் இருக்கும் லிங்கை அழுத்தி, காசு கொடுத்தவரின் பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். அத்தனை அலங்காரமும் அந்த ஒரு அழுத்தலுக்குத்தான்.

எங்கள் ஆசிரியருக்கு ஆபீஸில் கத்திரிக்கோல் என்று பெயர். மற்றதில் எப்படியோ, லிங்க் விஷயத்தில் அவர் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். "விரல் மொத லிங்க்லதாம்மா போகும். மத்ததெல்லாம் சும்மா அழகுக்கு. எதைத் தேடி அழுத்துறாங்களோ அது அடுத்த நொடி கண்ணு முன்னால நிக்கணும். இல்லன்னா மூடிட்டுப் போயிடுவாங்க" என்பார். 'இங்கே சொடுக்கவும்' என்று யாராவது எழுதிவிட்டால் அன்று முழுக்க அர்ச்சனைதான்.

என் அண்ணன் சோபா, கட்டில் விற்கிறான். அவன் நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு அவனைத் திட்டப் போகிறேன். அப்பா அவன் வீட்டில்தான் இருந்தார். அவருக்கு மறதி முற்றியபின் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவனே செய்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அப்பாவிடம் நான் யாரென்று பரீட்சை வைத்துவிட்டு வருகிறவள்.

குடிநீர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. சில நாள் மதியத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வாசலுக்கு வருவார். அண்ணி சமாளித்து உள்ளே கூட்டிப் போவாள். அன்றைக்கு அண்ணி துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். இறங்கி வந்தபோது கேட் திறந்துகிடந்தது. அப்பா இல்லை.

குளிர் எலும்பைக் கடிக்கிற பருவம் அது. அவர் மேல் ஒற்றைச் சட்டை. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போலீஸுக்குச் சொன்னோம். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை நான் செய்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அப்பாவுக்காக ஒரு பக்கம் தயார் செய்தேன். பெரிய படம், காதோரம் இருந்த மச்சம், கோடு போட்ட நீலச் சட்டை, அண்ணனின் போன் நம்பர். அந்தப் பக்கத்துக்கு ஆட்களைக் கூட்டி வர, ஐந்து வரியில் ஒரு செய்திக்குறிப்பு. ஒரே ஒரு லிங்க், 'காணாமல் போனவரின் படமும் தொடர்பு எண்ணும்' என்ற வார்த்தைகளின் மேல். இருபது வருஷமாக எழுதியதில் ஒழுங்காக எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

செய்தித் தளங்களுக்கு உடனே அனுப்பும் வசதி, கடை விளம்பரத்துக்காக அண்ணன் வைத்திருந்த இணையக் கணக்கில் இருந்தது. "அப்படியே அனுப்பிடு அண்ணா, ஒரு எழுத்தையும் தொடாத" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கப் போனேன். ஒவ்வொரு வரவேற்பறையிலும் போனில் படத்தைக் காட்டினேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

விடிந்து வந்து உட்கார்ந்தபோது அண்ணன் ஓடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பாரு, எத்தனை பேர் அழுத்தியிருக்காங்க! யாராவது ஒருத்தராவது கூப்பிடுவாங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். அழுத்திய அத்தனை பேரும் போயிருந்தது கடையின் பக்கத்துக்கு. அப்பாவின் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது.

"என்னண்ணா பண்ணி வச்சிருக்க?"

"வெறும் 'முதியவர்'னு போட்டா யாரு திரும்பிப் பாப்பாங்க? அதான் முன்னாடி கடைப் பேரைச் சேர்த்தேன், இன்னார் கடை முதலாளியோட அப்பான்னு. அதுலயும் லிங்க் குடுத்தேன். லிங்க் நிறைய இருந்தாத்தானே நாலு பேர் கண்ணுல படும்?"

கடைப் பெயர், கிளைகள், வழி காட்டும் வரைபடம் என்று எல்லாவற்றுக்கும் லிங்க் கொடுத்திருந்தான். செய்தித் தளங்கள் எப்போதும்போல மேலே இருந்த இரண்டு வரியையும் பொட்டுப் போன்ற ஒரு படத்தையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியிருந்தன. என் லிங்க் அந்த மிச்சத்தில் போய்விட்டது. கடைப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் தூக்கிவிட்டு அப்பாவின் படத்தைப் போட்டு முடித்தபோது போலீஸிலிருந்து போன் வந்தது. பஸ் டிப்போவின் பின்னால், ஓடாத பஸ்களை நிறுத்தும் கொட்டகையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். குளிர் தாங்காமல் ராத்திரியே எப்போதோ உயிர் போயிருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். அண்ணனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்று நான் மனசுக்குள் கூராக்கிக்கொண்டே இருந்தேன். அவனோ அப்பாவின் கட்டிலில் குப்புறப் படுத்துக்கிடந்தான். சரி, எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் வாசலில் ஒருவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. பஸ் டிரைவராம்.

"உங்கப்பா என் வண்டியிலதாம்மா வந்தாரு" என்றார். "வேலைக்கு லேட்டாயிடுச்சுன்னாரு. கடைசி ஸ்டாப்புல இறக்கிவிட்டேன். ராத்திரி வீட்டுக்குப் போயி போனைப் பாத்தா அவரு மாதிரியே ஒரு படம். ரொம்பச் சின்னது. அவருதானான்னு பெருசாப் பாக்கலாம்னு அழுத்தினேன்."

"என்ன வந்துச்சு?"

அவர் தயங்கினார். "சோபா வந்துச்சும்மா. 'பழசைக் கொடுங்க, புதுசை எடுத்துட்டுப் போங்க'ன்னு போட்டிருந்துச்சு. ஏதோ விளம்பரத்துக்குப் பண்ற வேலைன்னு நினைச்சு மூடிட்டுப் படுத்துட்டேன். அப்புறமாத்தான் டிப்போவுல விஷயம் தெரிஞ்சுது. எனக்குத் தூக்கமே வரலைம்மா. நான் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லீங்க" என்றேன். "நீங்க அழுத்துனீங்களே, அது போதும்." அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முன்பின் தெரியாத மனிதர். அவரும் அழுதார்.

அவர் போனபின் உள்ளே வந்தேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது.

"யாரு அது?"

"அப்பா வந்த பஸ்ஸோட டிரைவர்."

"பாத்திருக்காரா? அப்பாவைப் பாத்துமா சொல்லாம இருந்தாரு?"

கூராக்கி வைத்த நாலு வார்த்தையும் நாக்கு நுனியில் நின்றன. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைச் சொல்லிவிட்டால் அண்ணனும் எனக்கு இல்லாமல் போவான் என்று பட்டது.

"நம்ம செய்தி அவர் கண்ணுலயே படலையாம் அண்ணா."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல? இன்னும் நாலு லிங்க் சேர்த்துப் போட்டிருந்தா பட்டிருக்கும். அப்பா பொழைச்சிருப்பாரு."

"ஆமாண்ணா" என்றேன். "போட்டிருக்கலாம்."