முதலாளி இல்லாத இடம்

பகல் பதினொரு மணிக்கே உருளை மெஷினை நிறுத்திவிட்டார்கள். ஈரத் துணியை விழுங்கி, இஸ்திரி போட்டுத் துப்பும் அந்த மெஷின் வேலை நேரத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அது நின்றதும் சலவைக்கூடத்தின் மூலையில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. ஒன்பது பேரும் காலி சோப்பு டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்தோம். வட்டமாக உட்கார்ந்தால் யாரும் உசத்தி இல்லை என்பது எங்கள் சட்டம். எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும் என்பதை அன்றுதான் கவனித்தேன். என் பக்கத்தில் என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முன்பு இது ஒரு முதலாளியின் இடம். ஆளைக் கழிக்க வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி அறைக்குக் கூப்பிடுவார். போனவர் திங்கட்கிழமை வரமாட்டார். நாங்கள் கூடி நின்று அவருக்கு மண்ணை வாரித் தூற்றுவோம். சொல்லக் கூடாது, அதில் ஒரு சுகம் இருந்தது. தொழில் நொடித்து அவர் கம்பி நீட்டியபோது மெஷின்களை நாங்களே எடுத்து நடத்தினோம். எல்லோருக்கும் ஒரே சம்பளம். எதுவானாலும் எல்லோர் முன்னாலும் கை தூக்கித்தான் முடிவு. இந்த யோசனையெல்லாம் வேன் ஓட்டுகிற பெரியவருடையது. அரசாங்க மில்லில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவர். முதலாளித்துவம், சோஷலிசம் என்று அவர் ஆரம்பித்தால் சோப்புத்தூள் தீர்ந்தாலும் பேச்சு தீராது. அதனால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"முதலாளிக்கு நீ ஒரு நம்பர்மா. அரசாங்க மில்லுல நீ ஒரு ஃபைலு. நம்மகிட்டதான் நீ மனுஷி." இதை நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் எனக்குப் புல்லரித்திருக்கிறது.

அன்று ரேடியோவின் சத்தம் குறைந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்காரங்க பாதித் துணிய பெரிய கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. ரெண்டு தடவ எல்லார் சம்பளத்தையும் கொறச்சுப் பாத்தாச்சு. இனிமே ஒரு ஆள் கொறையணும். யாருன்னு நாமதான் சொல்லணும்."

நம்பரை அடித்துவிடலாம், ஃபைலை மூடிவிடலாம். இரண்டுக்கும் முகம் கிடையாது. இங்கே என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டு ஆறு மாதமாகப் படுத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். என் சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது என்பது தெரியும். நான் இந்த மாதம் நாலு நாள் லீவு போட்டதும் தெரியும். தெரிந்தவர்களைப் பார்த்து இவ்வளவு பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. என் பெயரைச் சொல்லிவிடாதே என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினேன். வேறு யார் பெயர் வந்தாலும் முதல் கை என்னுடையதாகத்தான் இருக்கும் என்பதும் புரிந்தது. என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது.

பாய்லர்காரர் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே வீட்லேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. மத்த வீட்லயெல்லாம் ஒருத்தர்தான். நியாயமாப் பாத்தா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. ஏழு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. யார் பெயரையும் சொல்லாமலே அவர்களுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

ஒரே வாசல்தான், ஆனால் இரண்டு அடுப்பு. தன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த இரண்டு வருஷமாக அக்கா இரண்டு பிள்ளைகளோடு மாடியில் தனியாகப் பொங்குகிறாள். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இந்த ஏழு பேரும் மறுபடி பயப்பட வேண்டும். பயந்துபோய் என் பெயரை மட்டும் தனியாகச் சொல்லிவிட்டால்? அக்காவும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யோசித்தேன். அவளும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும்.

ஏழு கைகள் மேலே போயின. ரேடியோவின் கை கடைசியாக, பாதி வரைக்கும்.

"யாருன்னு நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணிக்கோங்கம்மா," என்றார் தரையைப் பார்த்தபடி. "நாங்க தலையிட மாட்டோம். அது உங்க உரிமை."

மெஷின் மறுபடி ஓடியது. வார்டு விரிப்புகள் சூடாக வெளியே வந்தன. அவற்றை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். அக்கா ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்தாள், நான் மறுபக்கத்தை. உதறினோம். நீளவாக்கில் மடித்துக்கொண்டு எதிரெதிரே நடந்து வந்தோம்.

"என்ன சொல்லப் போறீங்கக்கா?"

"நீ என்ன சொல்லப் போற?"

விரல்கள் தொட்டுக்கொண்டன. இந்த இடத்தில் தன் முனைகளை என் கையில் விட்டுவிட்டு அக்கா அடுத்த விரிப்புக்குக் குனிவாள். அன்று விடவில்லை. நான் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். அவள் பிடி இறுகியது. மெஷினிலிருந்து அடுத்த விரிப்பு வந்து ஈரத் தரையில் விழுந்தது. அதன் மேல் இன்னொன்று.