ஏழாவது குழி இறக்கத்தில் இல்லை

1

மார்ச் 12, வியாழன். முதலில் ஒரு பிழைத்திருத்தம். நேற்று மாலை கதை எழுதும் வகுப்பில் நான் படித்துக் காட்டிய கதை இப்படித் தொடங்கியது: "ஏழாவது குழி மெல்ல இறங்கும் சரிவில் இருந்தது." அது தவறு. ஏழாவது குழி ஏற்றத்தில் இருக்கிறது. வகுப்பில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களில் யாரும் கோல்ஃப் மைதானத்தை வேலிக்கு உள்ளேயிருந்து பார்த்ததில்லை. கண்டுபிடித்தவள் கதையின் நாயகி. அவள் என் அக்கா. சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தவள் முதல் வரியிலேயே காகிதத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்தாள்.

"ஏன்டி, அன்னிக்கு மைதானத்துல நீ பேட்டரி வண்டியிலதானே வந்த?"

"ஆமா. விருந்தாளிக்கு வண்டின்னு உட்கார வச்சிட்டாங்க."

"அதான். எங்க குழு ஆளுங்களும் இதையேதான் எழுதி வச்சிருக்காங்க."

இந்தக் கதை பிறந்தது அந்த நிமிஷத்தில். அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் சும்மா.

2

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக இந்தப் பகுதி. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டிப் போவதைப் பற்றித்தான் கதையே.)

அக்கா மைதானங்களுக்கு மதிப்பெண் போடும் குழுவில் இருக்கிறாள். ஒரு குழியை எங்கே வைத்திருக்கிறார்கள், அதை அடைகிற வழியில் ஆட்டக்காரரை எப்படி யோசிக்க வைக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. இப்போதைக்கு அவள் தற்காலிக நடுவர். இந்த மைதானத்தின் அறிக்கையோடு அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு முறை விண்ணப்பித்துக் கிடைத்த இடம்.

குழுவில் எல்லோரும் பேட்டரி வண்டியில்தான் சுற்றுவார்கள். அக்கா நடப்பாள்.

ஏழாவது குழிக்கு நேரே ஒரு மேடு. நடந்து ஏறினால் முதலில் கொடியின் நுனி மட்டும் தெரியும். பிறகு கொடிக்கம்பம். மூச்சு வாங்கி மேலே வந்த பிறகுதான் குழியைச் சுற்றியிருக்கிற கத்தரித்த புல்தரை தெரியும், அதுவும் நாம் நினைத்த பக்கம் இருக்காது. வண்டிப் பாதையோ மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், மேலிருந்து இறங்குகிறது. வண்டியில் வருகிறவருக்கு எல்லாம் தட்டில் வைத்ததுபோல ஒரே பார்வையில் தெரிந்துவிடும். உட்கார்ந்தபடி பார்த்துவிட்டு, "இறக்கம். எளிது. வியப்பில்லை" என்று எழுதிவிடலாம்.

நானும் எழுதினேனே.

3

அக்காவும் குழுத் தலைவரும் பேசிய இடம் மைதானத்தின் உடைமாற்றும் அறையா, உணவகமா என்பதில் எனக்குக் குழப்பம். அக்கா உணவகம் என்கிறாள். ஆறிய தேநீரும் ஈர நாற்காலிகளும் இருந்தனவாம். தலைவர் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் மாட்டிக்கொண்டு

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். அவர் தொப்பி போடுவதில்லையாம்.)

குழுத் தலைவருக்கு மைதான ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் சார்ஜ். எங்கே போனாலும் அவருடைய முதல் கேள்வி, "வண்டியில சார்ஜ் இருக்கா?"

"எல்லாரும் ஏழாவதுக்குக் குறைச்சுப் போட்டிருக்கோம். நீ மட்டும் உச்சத்துல போட்டிருக்கியேம்மா" என்றார் சார்ஜ்.

"நீங்க பார்த்தது அந்தக் குழியோட முதுகு சார்."

"முதுகோ முகமோ, இன்னிக்கு ஆடுறவங்கள்ல பாதிப் பேர் வண்டியிலதான் வர்றாங்க. அவங்க ஆட்டக்காரங்க இல்லையா?"

"வண்டியில வந்தாலும் பந்து கிட்ட இறங்கித்தான் ஆகணும். அவங்க மேட்டுக்குக் கீழ நின்னு அடிக்கிறாங்க. நீங்க பாதையை விட்டு இறங்கவே இல்லையே."

"நீ நடந்து நடந்து களைச்சுப்போய் பதினாறாவதுக்குக் குறைச்சிருக்க. உன் கால்வலிக்கெல்லாம் மார்க் போட முடியாது."

"வெயில் கண்ணைக் கூசுதுன்னு மூணாவதுக்கு நீங்க குறைச்சீங்க. கண்ணுக்கு உள்ள மரியாதை காலுக்கு இல்லையா சார்?"

யாரோ சிரித்து, இருமலாக்கி விழுங்கினார்களாம். சார்ஜ் சிரிக்கவில்லை. அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். "வெள்ளிக்கிழமை கூட்டம். ஒரே மதிப்பெண்ணாத்தான் போகணும். கையெழுத்துப் போட்டா நீ எங்க ஆளு. இல்லேன்னா..." அந்த வாக்கியத்தை அவரே முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

4

சார்ஜைப் பற்றி ஒரு சந்தேகம். அவரைக் கெட்டவராக்கிவிட்டேனோ என்று பயந்து, இரண்டாவது வரைவில் அவருக்கு முட்டிவலி கொடுத்தேன். பாவம், நடக்க முடியாதவர், வெளியே சொல்லக் கூச்சம். எனக்கே கண் கலங்கியது.

அக்கா படித்தாள். "முட்டிக்கு ஒண்ணும் இல்ல. மாடிப்படியை ரெண்டு ரெண்டா ஏறுற மனுஷன். முடியாதவங்க வண்டியில வர்றதை நான் எப்பவாவது குறை சொன்னேனா? இவரு முடிஞ்சும் இறங்க மாட்டேங்கிறாரு. அவருக்கு நோயைக் குடுத்து என்னைக் கொடுமைக்காரியாக்காத."

முட்டிவலியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.*

* பதினாறாவது குழி விஷயத்தில் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். அக்காவிடம் கேட்டேன். "இருக்கலாம். ஆனா பதினாறாவதுக்கு வர்ற எவனும் புதுக் காலோட வர மாட்டான்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமா என்று தெரியவில்லை. அவளுக்குப் போதும்.

5

முடிவுகள்.

(அ) சார்ஜ் மேடேறி, மூச்சிரைத்து, கொடியின் நுனியைப் பார்த்து, மனம் மாறி — வேண்டாம். அக்கா தலையணையை எறிந்தாள்.

(ஆ) அவள் கையெழுத்துப் போடுகிறாள். நிரந்தர நடுவராகிறாள். அடுத்த மைதானத்தில் அவளுக்கும் ஒரு வண்டி காத்து — இதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நடக்கக்கூடிய முடிவு என்பதால்.

(இ) போட மறுக்கிறாள். வெளியே அனுப்பப்படுகிறாள். வாசகர் கைதட்டுகிறார். இடத்தை இழந்தவள் அவள், கைதட்டல் எனக்கு. இதுவும் வேண்டாம்.

6

நான் மூன்று முடிவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில், இன்று மாலை அக்கா குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டாள். எனக்கும் காட்டினாள்: "நாளைக் கூட்டத்துக்கு அறைக்கு வர மாட்டேன். காலை ஏழு மணிக்கு ஏழாவது குழி மேட்டின் அடியில் நிற்பேன். நடந்து ஏறிய பிறகும் அதை எளிதென்று ஒருவர் சொன்னால், அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். வண்டியில் வருகிறவரிடமிருந்து பேனாவை வாங்க மாட்டேன்."

"யாருமே வரலேன்னா?"

"நான் வந்திருப்பேன்ல."

"வேலை போயிடும்கா."

"போகட்டும். உட்கார்ந்துக்கிட்டே பார்க்கிற வேலைக்கா நாலு தடவை எழுதிப் போட்டேன்?"

இதற்கு மேல் என்னிடம் கதை இல்லை. முடிவைக் கேட்டு என் சட்டையைப் பிடிக்காதீர்கள். நான் இதுவரை எழுதியது முழுக்க வண்டியில் உட்கார்ந்து எழுதியது. இரண்டாம் பகுதியில் வரும் கொடியின் நுனிகூட அக்கா சொன்னதுதான், நான் பார்த்ததில்லை. பார்க்காத மேட்டின் மேல் நின்று யாருக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால், மேடு அங்கேதான் இருக்கிறது.

நாளை, வெள்ளி: ஏழு மணிக்கு முன் ஏழாவது மேட்டின் அடிக்குப் போக வேண்டும். அக்காவோடு நடந்து ஏற வேண்டும். பிறகு இரண்டாம் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும்.