நாஹர் சிங்கின் ஒரு சாண்

1966 நவம்பர் முதல் தேதி காலை, பஞ்சாபை வெட்டிச் சிறிதாக்கிப் புது மாநிலம் என்று அறிவித்த அன்று, ஜண்ட்வாலா ஊர் நாஹர் சிங்கின் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தன. அன்று சந்தையில் பருத்தி கொஞ்சம் ஏறியிருந்தது, வெல்லம் இறங்கியிருந்தது. எருமை கறக்க வாளியோடு போனவர் கொட்டில் வாசலில் தலையை இடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷமாக இடிக்காத வாசல். அவர் மனைவி பச்சிந்த் கௌர் திரும்பிப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். "ஷிந்தோ அப்பா, பால் சிந்தாம வாங்க" என்றாள். அவ்வளவுதான். முந்தின நாள் இரவு புருஷன் சீக்கியக் கோயிலான குருத்வாராவில் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று அவளுக்குத் தெரியும்.

சொன்னது இதுதான். எங்களுக்கென்று பஞ்சாபி பேசும் ஒரு மாநிலம் வேண்டும் என்று கோஷம் போட்டதற்காக நாஹர் சிங் மூன்று முறை சிறைக்குப் போனவர். கடைசியில் மாநிலம் வந்தது. ஆனால் தலைநகரை அடுத்த மாநிலத்தோடு பங்கு போடச் சொன்னார்கள், ஆற்று மதகின் சாவியை டில்லி இடுப்பில் சொருகிக்கொண்டது. ரேடியோவில் இதைக் கேட்டதும் மனுஷனுக்குப் பிடரி வரை சூடேறிவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று செய்யும் அர்தாஸ் பிரார்த்தனை முடிந்த கையோடு, கூப்பிய கையை இறக்காமல், "சொந்த நாடுன்னு ஒண்ணு கிடைக்கிற வரைக்கும் என் பாதம் அடுத்தவன் மண்ணுல படாது" என்று சத்தியம் செய்துவிட்டார். அர்தாஸுக்குப் பிறகு செய்த சத்தியம் சீக்கியர்களான எங்களிடம் சும்மா போகாது. சாகும்வரை உண்ணாவிரதம் என்று அப்படிச் சத்தியம் செய்து, பிறகு பழரசம் குடித்த தலைவர்களை அந்தக் காலத்தில் சபைக்காரர்களின் செருப்பைத் துடைக்க வைத்தார்கள். அப்போது ஊரிலேயே பெரிதாகச் சிரித்தவர் நாஹர் சிங்தான். இப்போது இவர் வாயைக் கேட்டு மண்ணே ஒதுங்கிக்கொண்டது.

அவர் கோபத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அவருடைய முப்பாட்டன் பஞ்சாபை ஆண்ட சீக்கிய மகாராஜாவின் படையில் குதிரைக்காரர். அந்த ராஜ்யத்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான், கூடவே மகாராஜாவின் பெரிய வைரத்தையும் எடுத்துக்கொண்டான். வைரம் போனதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, குதிரைக்குச் சேர வேண்டிய கொள்ளு பாக்கி பற்றி நூறு வருஷம் பேசினார்கள். பிறகு தாத்தா, இன்று பாகிஸ்தானில் இருக்கும் லாயல்பூர் பக்கம் முள்காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, கோதுமை விளைய வைத்தார். 1947இல் இந்து, முஸ்லிம் இருவருக்கும் ஆளுக்கொரு நாடு கிடைத்தது. எங்களுக்கு, கவலைப்படாதீர்கள் என்று ஒரு வாக்குறுதி கிடைத்தது. நாஹர் சிங் இருபத்திரண்டு வயதில் விளைந்த நிலத்தை அப்படியே விட்டுவிட்டு, மாட்டு வண்டியில் அம்மாவையும் கலப்பையையும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டினார். அம்மா வழியிலேயே போய்விட்டாள். கலப்பை வந்து சேர்ந்தது. "என் காலுக்குக் கீழ இருந்த மண்ணை ஒரு தடவை உருவிட்டாங்க" என்று அவர் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம்.

ஆனால் ஒரு சாண் உயரத்தில் குடித்தனம் நடத்துவது லேசா? ஒரு வாரத்திலேயே அவருக்கு அலுத்துவிட்டது. தோளில் கோதுமை மூட்டை ஏற்றிப் பார்த்தார், இரண்டு தடியர்களை உட்கார வைத்தும் பார்த்தார். மூட்டையோடும் தடியர்களோடும் மிதந்தார். மண்வெட்டியை அழுத்தக் கால் ஊன்ற இடமில்லாததால் வெட்டுகிறவர்தான் பின்னால் போனார், மண் அசையவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். கட்டிலுக்கு மேலேயும் ஒரு சாண் மிதந்துதான் தூங்கினார். குளிர்காலத்தில் முதுகுப் பக்கம் சில்லென்று காற்றடிக்கும், பச்சிந்த் கௌர் இரண்டாவது ரஜாய்ப் போர்வையைக் கீழே இருந்து சுற்றிக் கட்டுவாள். அவளுக்கும் லாபம் இல்லாமலில்லை. காலைத் தூக்கு என்று சொல்லாமலே அவருக்கு அடியில் பெருக்கினாள், அடுப்படிக்குள் சேறு வரவில்லை. ஒரே ஜோடி செருப்பு பதினேழு வருஷம் புதுசாகவே இருந்தது. செருப்புத் தைப்பவர் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்றே ஒன்றுதான் அவர் நெஞ்சை அறுத்தது. குருத்வாராவில் புனித நூல் மட்டும் உயரத்தில் இருக்கும். ராஜாவானாலும் தோட்டியானாலும் தரையில், ஒரே மட்டத்தில்தான் உட்கார வேண்டும். ஒரு சாண் உயர்ந்து உட்காருகிறவரை உள்ளே விட முடியாது என்று நூலை வாசிக்கும் கிரந்தி மெஹங்கா சிங் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர், சொல்லும்போது கண் கலங்கினார், ஆனாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாஹர் சிங் வெளி ஜன்னலோரம் மிதந்தபடி பாட்டுக் கேட்டார். லங்கர் என்ற பொதுப் பந்தியில் வரிசையாக உட்கார்ந்து பருப்பும் ரொட்டியும் சாப்பிடும் ஊரைக் கம்பி வழியாகப் பார்த்தார். மகள் ஷிந்தோ தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அவரோடு சாப்பிடுவாள்.

பேர் மட்டும் பரவிவிட்டது. ஒரு வருஷம் லண்டனிலிருந்து தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்து, காலிஸ்தான் என்று பொன்னெழுத்தில் அச்சடித்த பாஸ்போர்ட்டை நீட்டி, முதல் குடிமகன் நீங்கள்தான் என்றான். நாஹர் சிங் புரட்டிப் பார்த்தார். "அழகா இருக்குப்பா. உங்க நாட்டுல வாய்க்கால் முறை எப்படி? வியாழக்கிழமை ராத்திரி யாருக்குத் தண்ணி?"

"அதெல்லாம் நாடு வந்தப்புறம் பாத்துக்கலாம் பெரியப்பா."

"அப்ப நாடு வந்தப்புறம் வா. சாப்பிட்டுட்டுப் போ" என்றார். பாஸ்போர்ட்டை ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அடியில் வைத்தாள் பச்சிந்த் கௌர். அதற்குப் பிறகு போலீஸ் வந்தது. நீ எந்த நாட்டில் நிற்கிறாய் என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். "நான் எங்க சார் நிக்கிறேன்?" என்றார் இவர். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், மோர் குடித்துவிட்டுப் போனார். அதற்கும் பிறகு தனி நாடு கேட்டு மோட்டார் சைக்கிளில் துப்பாக்கியோடு திரியும் இரண்டு பையன்கள் வந்தார்கள். மளிகைக் கடை லாலா திலக் ராம் இந்து, ஊரைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். நாஹர் சிங் கடை வாசலில் குறுக்கே போய் மிதந்தார். "லாலா போயிட்டா உப்புக்கு உங்க வீட்டுக்கா வரணும்? பேசுறீங்களே, வியாழக்கிழமை ராத்திரி யாருக்குத் தண்ணின்னு சொல்லுங்கடா பாப்போம்" என்றார். அவருக்கு மரியாதை கொடுப்பதா சுடுவதா என்று அந்தப் பையன்களுக்குத் தெரியவில்லை. அன்று போய்விட்டார்கள். வேறு ஊர்களில் அவர்கள் அப்படிச் சும்மா போகவில்லை.

1984 ஆரம்பத்தில் ஷிந்தோவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா பக்தாவர் சிங், ஓய்வு பெற்ற சுபேதார், காங்கிரசுக்கு ஓட்டுப் போடுகிறவர், சீனாக்காரனின் குண்டு இன்னும் தொடையில் இருப்பவர். சம்பந்தி மிதப்பதைப் பார்த்து, "ஏன் சம்பந்தி, மேல ஏதாவது ரேடியோ கேக்குதா?" என்றார். "உங்க டில்லி பேசுறது எனக்கு இங்கயே கேக்குது சம்பந்தி" என்றார் இவர். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. சிக்கல் வேறிடத்தில் வந்தது. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தோள் சால்வை முனையை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டியவர் தகப்பன். கொடுக்க வேண்டிய இடம் புனித நூலுக்கு முன்னால், குருத்வாராவுக்குள். சித்தப்பா கொடுக்கட்டுமே என்றார்கள் சொந்தக்காரர்கள். ஷிந்தோ ஒரே வார்த்தையில் முடித்தாள். "அப்பா கொடுத்தா பிடிப்பேன். இல்லன்னா அந்தச் சால்வையை மாப்பிள்ளையே போத்திக்கிட்டு ஊருக்குப் போகட்டும்."

மகளுக்காக நாஹர் சிங் தன் வீம்பை விழுங்கினார். ஊர்ப் பெரியவர்கள் ஐவர் முன்னால் மிதந்து, அவசரப்பட்டுச் சத்தியம் செய்தது தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். செருப்பைத் துடை என்றார்கள். எந்தத் தலைவர்களைப் பார்த்துச் சிரித்தாரோ அதே வேலை. கோதுமை அறுப்பு முடியும்வரை தினமும் வாசலில் மிதந்தபடி ஊர்ச் செருப்பையெல்லாம் தாடி அழுக்காகும் அளவுக்குத் துடைத்தார். செருப்புகள் பளபளத்தன. அவர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. பெரியவர்கள் மன்னித்துவிட்டார்கள், மண் மன்னிக்கவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

வழி சொன்னவள் பச்சிந்த் கௌர். நேராகக் கிரந்தியிடம் போனாள். "பாய்ஜி, எங்க வீட்டு மனுஷனைக் கீழ இழுக்க முடியல. உங்க தரையைக் கொஞ்சம் கீழ இறக்குங்களேன்." மெஹங்கா சிங் இரண்டு நாள் யோசித்தார், தடை எதுவும் தென்படவில்லை. புனித நூலுக்கு முன்னால், தகப்பன் உட்கார வேண்டிய இடத்தில் செங்கல்லைப் பெயர்த்து, சரியாக ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். நாஹர் சிங் வந்தார், குழிக்கு மேல் போனார், மெதுவாக இறங்கினார், ஊரோடு ஒரே மட்டத்தில் உட்கார்ந்தார். அங்கேயே அவருக்குத் தட்டு வைத்தார்கள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு வரிசையில் சாப்பிட்ட அந்தப் பருப்பில் உப்பே போட்டிருக்க வேண்டாம், அவ்வளவு கண்ணீர். கல்யாணத்தை ஜூன் கடைசியில் வைத்தார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் ஊரடங்கு போட்டார்கள். ரயில் இல்லை, பேருந்து இல்லை, போன் செத்துவிட்டது. எங்கள் குரு ஒருவர் உயிர்த்தியாகம் செய்த நாளில் சாலையில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சர்க்கரை போட்ட குளிர்ந்த பால் கொடுப்போம். அந்த வருஷம் கொடுக்கச் சாலையில் ஆளே இல்லை, பால் திரிந்துபோனது. பிறகு பால்காரர் ஒருவர் வயல் வழியாக வந்து சேதி சொன்னார்: அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் டாங்கியோடு போய்விட்டது, உள்ளே கும்பிடப் போன சனங்களில் செத்தவர்கள் எத்தனை பேர் என்றே தெரியவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே ஜண்ட்வாலாவின் சீக்கியர்கள் எல்லோரும் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தார்கள், இதை எழுதுகிறவனும் சேர்த்து. பதினைந்து மைல் தள்ளி சுபேதார் பக்தாவர் சிங்கும் கையில் டீ கிளாசோடு உயர்ந்தார். "எனக்குத் தனி நாடெல்லாம் வேண்டாம்" என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், "எனக்குக் கால் தரையில பட்டாப் போதும். படமாட்டேங்குதே!" எருமைகள் தரையிலேயே நின்றன. லாலா திலக் ராமும் தரையில் நின்றார். பயந்து, கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் மேளமில்லாமல், குறித்த நாளில் நடந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் குருத்வாராவுக்குள் மிதந்து வந்து உட்கார்ந்தார்கள். நாஹர் சிங் பழக்கத்தில் தன் குழிக்குப் போய் இறங்கினார். நிமிர்ந்து பார்த்தால், ஊரே அவருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. வாழ்நாளெல்லாம் அவர் கேட்டது ஊர் தன்னோடு சேர வேண்டும் என்பதுதான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாய்விட்டு அழுதார். "என்னைக் கீழ இறக்குன்னுதானே கேட்டேன். இவங்களை மேல தூக்குன்னு நான் கேக்கலையே" என்றார்.

சுபேதாருக்கும் கண் நிறைந்துவிட்டது, ஆனால் பட்டாளத்துக்காரர், அதட்டலில் மறைத்தார். "குழி நூலைச் சுத்துற வழியில இருக்கு. நாலு சுத்துலயும் என் மருமக குதிரை சவாரி மாதிரி இறங்கி ஏறணுமா? முதல்ல மூடுங்கப்பா!" மூடுவதற்கு யாரால் முடியும்? மண்வெட்டியை அழுத்த அங்கே ஒருவருக்கும் கால் தரையில் இல்லை. பச்சிந்த் கௌர் வெளியே போனாள். மளிகைக் கடைக் கதவைத் தட்டும் சத்தம் எங்களுக்கே கேட்டது. "லாலா, செத்தா போயிட்ட? வெளிய வா! பொண்ணுக்குக் கல்யாணம், கால் உள்ளவன் ஒருத்தன் வேணும்!"

லாலா வந்தார். தலையில் துணி கட்டிக்கொண்டு, நூலை வணங்கி, மண்வெட்டியை எடுத்தார். தராசு தவிர எதையும் தூக்காத கை. அரைக் குழி மூடுவதற்குள் கொப்புளம் வந்துவிட்டது. "பையப் போடு லாலா, எடை குறையப் போகுது" என்றார் குழிக்குள் இருந்த நாஹர் சிங், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சும்மா இருங்க சர்தார்ஜி, உங்களுக்கு மட்டும் என்னைக்காவது குறைச்சுப் போட்டிருக்கேனா?" என்றார் லாலா. ஒவ்வொரு மண்வெட்டி மண் விழ விழ நாஹர் சிங் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வந்தார். மண் சமமானது, லாலா காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார். ஒரே மட்டத்தில் உட்கார்ந்த நாஹர் சிங் சால்வை முனையை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். ஷிந்தோ பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் வந்த நவம்பரில், டில்லியில் சீக்கியர்களைத் தேடிக் கொன்ற கலவரத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் இரண்டு சாண் உயரத்தில் வந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள், காரணம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் பேரன் பிறந்த அன்று, ஒருவர் தும்மும்போது. சுபேதார் பென்ஷன் வாங்க வரிசையில் நிற்கும்போது தொப்பென்று இறங்கித் தொடையில் இருந்த குண்டு வலித்தது என்று கத்தினார். சிலர் இன்னும் இறங்கவில்லை, அவர்களுக்குக் குருத்வாராவில் அங்கங்கே குழி இருக்கிறது. செருப்புத் தைப்பவர் ஊரை விட்டே போய்விட்டார்.

நாஹர் சிங் இறங்கவே இல்லை. 1996 ஏப்ரலில், தூக்கத்தில், கட்டிலுக்கு ஒரு சாண் மேலே இறந்துபோனார். சிதையில் கிடத்தியபோது விறகுக்கும் மேலே ஒரு சாண் நின்றார், தீ எட்டவில்லை. லாலாவும் அவர் மகனும் போய் இன்னும் இரண்டு வண்டி விறகு கொண்டுவந்து, அவரைச் சுற்றிலும் மேலேயும் அடுக்கினார்கள். எரிந்தார். சாம்பல் மட்டும் எல்லோருடைய சாம்பலையும் போல மண்ணில் விழுந்தது. அள்ளி வாய்க்காலில் விட்டோம். அன்று வியாழக்கிழமை. அதே வாய்க்காலில் பதினைந்து மைல் கீழே இருக்கும் ஷிந்தோவின் புகுந்த வீட்டுக்குத் தண்ணீர் முறை என்று பச்சிந்த் கௌர் சொன்னாள், மதகைத் திறந்துவிடப் போனோம்.