அம்சத்தின் படகுக்கு எத்தனை எச்.பி.?

பன்னிரண்டு வருஷமாகக் கழி ஊன்றிப் படகு தள்ளிய அம்சத்துக்குப் போன தை மாதம் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இனிக் கழியைத் தொட்டால் கை தூக்கவே வராது என்று திருத்துறைப்பூண்டி டாக்டர் சொல்லிவிட்டார். அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் தன்னந்தனியாகப் போய் இறாலும் நண்டும் பிடித்து வருவதுதான் அவள் பிழைப்பு. பிழைப்பு மட்டுமா? வீட்டில் ஒருத்தரும் "அம்சம், இங்க வா" என்று கூப்பிட முடியாத ஐந்து மணி நேரமும் அதுதான். அதை விட அவளுக்கு மனசில்லை. சின்னதாக ஒரு மோட்டார் மாட்டினால் போதும் என்றாள்.

சொன்னதுதான் தாமதம், ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் மோட்டார் ஞானம் பொத்துக்கொண்டு வந்தது. அதிலும் அவள் புருஷன் ரெத்தினம் இருக்கிறாரே, அப்பப்பா! மனிதர் ஆயுசில் படகில் கால் வைத்ததில்லை. ஆனால் வயலில் போர் போட்டவர். மோட்டார் என்றால் தண்ணீர் இறைக்கும். இறைக்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் மோட்டாரை மதிக்க வேண்டும். அதைத் தாண்டி அவருக்கு உலகத்தில் மோட்டார் கிடையாது.

"நம்ம போர்ல கெடக்குறது எத்தனை எச்.பி.?"

"ஏழரை" என்றாள் அம்சம்.

"ஒரே எடத்துல கெடக்குறதுக்கே ஏழரை வேணும். ஓடுறதுக்கு?"

ஏழரை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது என்று அம்சம் நினைத்துக்கொண்டாள்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் பரிதி வீடியோ காலில் வந்தான். "பதினஞ்சுக்குக் கீழ போகாதீங்கப்பா. நார்வேயில எல்லாம்..."

"நார்வேயில நண்டு எப்புடிடா புடிக்கிறாங்க?" என்று அம்சம் கேட்டாள். உடனே சிக்னல் போய்விட்டது.

முத்துப்பேட்டையில் ஜெகபர் அலி பாய் மோட்டார் கடை வைத்திருந்தார். இரண்டு எச்.பி. மோட்டார் ஒன்றைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓடவிட்டார். அதன் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து ஒல்லியாகத் தண்ணீர் பீச்சியது. ரெத்தினம் குனிந்து பார்த்தார்.

"என்ன பாய், இம்புட்டுதானா தண்ணி? ஒரு பாத்தி நனையாதே!"

"அண்ணே, அது மோட்டார் சூடாவாம இருக்க ஓடுற தண்ணி. படகத் தள்ளுறது அடியில சுத்துற விசிறிங்க."

"எனக்கா சொல்றீங்க? முப்பது வருஷமா மோட்டாரோட குடும்பம் நடத்துறேன்."

"என்னோட எப்ப நடத்துனீங்க?" என்றாள் அம்சம். பிறகு பாயிடம் திரும்பி, "எங்க வாய்க்கால்ல முழங்கால் தண்ணிதாங்க. சேறு வந்தா மோட்டாரத் தூக்கித் தூக்கி வுடணும். நான் ஒருத்தியாத் தூக்குற மாதிரி எது இருக்கு?" என்று கேட்டாள்.

பாய் வாயைத் திறப்பதற்குள் ரெத்தினம் பத்து எச்.பி.யை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டார். அதில் தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்குப் பாய்ந்தது. அவர் முகத்தில் குறுவைக்கு மேட்டூர் திறந்த சந்தோஷம். "இதாங்க மோட்டாரு!"

பாய் அம்சத்தைப் பார்த்தார். "மூணு நாள் ஓட்டிப் பாருங்கம்மா. சரிப்படலன்னா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."

மறுநாள் மோட்டாருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்தார்கள். நாற்பது கிலோ இரும்பு ஏறியதும் படகின் பின்பக்கம் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தது. சமன் செய்ய முன்னால் நல்ல கனம் ஒன்று வேண்டியிருந்தது. ஊரில் அதற்குத் தகுதியானவர் ரெத்தினம்தான். ஏற்றி உட்கார வைத்தார்கள்.

இரண்டு வாய்க்கால் தாண்டவில்லை, விசிறி சேற்றில் புதைந்தது. அம்சம் மோட்டாரைத் தூக்கப் பார்த்தாள். தோளில் கொள்ளி வைத்த மாதிரி எரிந்தது, மோட்டார் அசையவில்லை. உதவிக்கு இறங்கிய ரெத்தினம் தொடை வரை சேற்றில் போய் அங்கேயே நின்றார். கடல் தண்ணீர் ஏறிவர நாலு மணி நேரம் ஆயிற்று. அதுவரை வாய் ஓயவில்லை மனிதருக்கு. மோட்டார் மேல் குற்றமில்லையாம், சேற்றின் மேல்தான் குற்றமாம், அதைத் தூர்வாராத அரசாங்கத்தைக் கேட்க ஆளில்லையாம்!

அம்சத்துக்கோ, வலை நனையாமல் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. இந்தத் தண்ணீரே தனக்கு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் மோட்டாரை மினி வேனில் ஏற்றிக்கொண்டு பாய் கடைக்குப் போய் இறங்கினாள்.

"எத்தனை எச்.பி. பாக்கலாம்மா?"

"எச்.பி.ய வுடுங்க பாய்."

வரிசையாக இருந்த மோட்டார்களை, வலிக்கிற வலது கையாலேயே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். நாலாவது, தோள் முனகாமல் மேலே வந்தது.

"இது போதும்."

மறுநாள் விடிந்ததும் ரெத்தினம் ஆற்றங்கரைக்கு வந்தார். புது மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அதிசயமாக, எத்தனை எச்.பி. என்று கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானும் வந்து முன்னால உக்காந்துக்கட்டுமா?" என்றார்.

"வேணாங்க" என்று கயிற்றை அவிழ்த்தாள் அம்சம். "நான் ஒருத்தி மட்டும் ஏறுனாதான் இது நேரா நிக்கும்."