உறுமி மட்டும்

நாலு வினாடிக்கு ஒருமுறை அண்ணன் உறுமியை முதலிலிருந்து அடிக்கிறான், கணினித் திரையில் பச்சைக் கோடு வலது ஓரத்தைத் தொட்டுவிட்டு இடது ஓரத்துக்குத் திரும்பும்போதெல்லாம் அவன் கை மறுபடி எழுகிறது, வளைந்த குச்சி தோலைத் தேய்க்க உறுமல் கிளம்புகிறது, மூன்றாவது அடியின் வாலில் அவனுடைய செப்புக் காப்பு விளிம்பில் பட்டுச் சின்னதாக ஒரு கிண், அதன்மேல் லோஷினி தன் குரலைப் படரவிட்டுப் பாடியிருக்கிறாள், அடிப்பது தன் அப்பா என்று அவளுக்குத் தெரியாது, அவன் சாகும்போது அவளுக்கு இரண்டு வயது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய இந்த அறையில்தான் அவள் பாட்டுப் பதிவு செய்கிறாள், மேளத்துக்கு ஆள் வைக்க வசதியில்லை, இணையத்தில் மேள அடிகளின் தொகுப்பு ஒன்றை வாங்கினாள், பாட்டு வெளியான மூன்றாம் வாரம் அந்த அடி தன்னுடையது என்று எவனோ புகார் கொடுத்துப் பாட்டை இணையத்திலிருந்து தூக்கவைத்துவிட்டான். நீங்க மேளக்காரர்தானே சித்தப்பா, இது எங்கேருந்து வந்துச்சுன்னு விசாரிச்சுக் குடுங்களேன் என்றாள், நான் தப்பு மேளத்தைத் தொட்டு இருபத்திரண்டு வருசம் ஆச்சும்மா என்றேன், காது கூடவா துருப்பிடிச்சுப் போச்சு என்று சிரித்தபடி காதுக் கேட்பானை என் தலையில் மாட்டினாள், மூன்றாவது அடியில் கிண் வந்தது, நான் எழுந்து போய்க் குளியலறையில் வாந்தி எடுத்தேன், காலையில் தின்ற ரொட்டி சானாய் சரியில்லை என்று சொன்னேன்.

தொகுப்பை விற்றவன் ஈப்போவில் இருந்தான், நான் யாரிடம் வாங்கினேன் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று முதலில் கத்தினான், பிறகு பந்திங்கில் சேவியர் என்று ஒரு வீடியோக்காரர், அவருடைய பழைய நாடாக்களிலிருந்து எடுத்தது என்றான், சேவியர் என்ற பெயரைக் கேட்டதும் அது அண்ணன் செத்த நாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, வெளியூர் உறவுக்காரர்களுக்கு அனுப்ப, நாங்கள் மேளம் அடித்த அந்தச் சாவு ஊர்வலத்தைப் படம் பிடிக்க வந்தவர் அவர்தான், அவர் கால்வாயில் முகம் பிளந்து கிடந்ததைக் கடைசியாகப் பார்த்திருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் போனேன், கதவைத் திறந்தவரின் காதிலிருந்து தாடை வரை அந்தத் தழும்பு, என்னை அடையாளம் கண்டுகொண்டார், காப்பி போடச் சொன்னார், நாடா நூற்றுக்கணக்கில் இருந்தது, ஈப்போக்காரனுக்கு மொத்தமாகக் கொடுத்தேன், உங்க அண்ணன் அதில் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது என்றார். முக்கால் மணி நேரம் அடித்தோமே, அதில் இந்த நாலு வினாடியை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன், அவர் காப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அங்கதான் உறுமி மட்டும் தனியா இருக்கு தம்பி, மத்த எடத்துல எல்லாம் உன் தப்பு அது மேல விழுந்து கெடக்கு, பிரிக்க முடியல.

நான் அண்ணன் பக்கத்தில்தான் நின்றேன், அவன் விழுந்த பிறகுதான் ஓடினேன், போலீசிடம் அப்படித்தான் சொன்னேன், அண்ணியிடம் சொன்னேன், அண்ணி போன பிறகு என்னிடம் வளர்ந்த லோஷினி ஒவ்வொரு திதிக்கும் கேட்க ஒவ்வொரு முறையும் சொன்னேன், சொல்லிச் சொல்லி அது எனக்குப் படமாகவே தெரியும், என் தோள் அவன் தோளில் இடிக்கிறது, இரண்டு பேரும் அடிக்கிறோம். காப்பார் சாலை, செத்தவர் லாரி முதலாளி, இரண்டு குடும்பம், மூத்தவளின் மகன் அண்ணனும் நானுமாக இரண்டே பேர் உள்ள எங்கள் குழுவை அழைத்திருந்தான், இளையவளின் மகன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குழுவை அழைத்திருந்தான், பெட்டி தூக்கும்போது முதலில் அடி எடுக்கிற குழுதான் முன்னால் போகும், அண்ணன் முந்திக்கொண்டான், பின்னால் தள்ளப்பட்டவர்கள் போனில் ஆள் கூப்பிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை, செம்பனைத் தோட்டத்து வளைவில் ஒரு வேன் குறுக்கே வந்து நிற்கிறது, நாளிதழில் சுற்றிய பாராங் கத்திகளோடு குதிக்கிறார்கள். முதல் வெட்டு பெட்டி தூக்கியவனின் கழுத்தில், பெட்டி தாரில் விழுந்து மூடி கழன்று கிழவரின் கை வெளியே வருகிறது, இரண்டாவது வெட்டு சேவியரின் கன்னத்தில், அவர் கால்வாயில் சரிகிறார், காமிரா மேட்டில் விழுந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, யாருடைய விரலோ என் காலடியில் கிடக்கிறது, மோதிரத்தோடு. அண்ணன் கத்துகிறான், நிப்பாட்டாதடா, நாம நின்னா பொணம் வழியில நின்னுரும். சுடுகாட்டு வாசல் வரும்வரை மேளம் நிற்கக் கூடாது என்பது எங்களுக்கு அப்பா காலத்துக் கட்டளை, அடிக்கிறவன்மேல் எவனும் கை வைக்க மாட்டான் என்றும் அவன் நம்பினான். தப்பு தோளில் தொங்குவது, ஒரு குலுக்கில் கழன்றுவிடும், உறுமியை இடுப்புத் துண்டோடு இறுக்கிக் கட்டியிருப்போம். நான் குலுக்கினேன். செம்பனை மட்டையின் முள் கெண்டைக்காலைக் கிழிக்க ஓடினேன், பின்னால் உறுமி கேட்டுக்கொண்டே இருந்தது.

பதினோரு வினாடி. சேவியர் பிரதி வைத்திருந்து எனக்குக் கொடுத்த ஒலிக்கோப்பில் எண்ணிப் பார்த்தேன், என் தப்பு நின்ற பிறகு பதினோரு வினாடி அவன் தனியாக அடித்திருக்கிறான், அதில் சுத்தமாக இருந்த முதல் நாலு வினாடியைத்தான் வெட்டி விற்றிருக்கிறார்கள், மிச்சம் ஏழில் மட்டையைப் பிளப்பது போல ஒரு சத்தம், உறுமி தடுமாறி மறுபடி எடுக்கிறது, இன்னொரு சத்தம், நடுவில் அவன் குரல், தம்பி, அடிடா. நான் பக்கத்தில் இல்லை என்பதை அவன் அப்போதும் பார்த்திருக்கவில்லை. கோப்பை எப்படி வெட்டுவது என்று லோஷினியே எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், என் தப்பு நிற்கிற இடத்துக்கு முன்னால் உள்ளதை நீக்கிவிட்டால் யார் எப்போது நின்றான் என்று எந்தக் காதாலும் சொல்ல முடியாது, நீக்கினேன், கேட்டேன், அண்ணன் பிறந்ததிலிருந்தே தனியாக அடித்ததுபோல இருந்தது, நீக்கியதைத் திரும்பக் கொண்டுவந்தேன், மாலையில் கிளினிக் வேலை முடிந்து வந்தவளிடம் இது உங்க அப்பா என்று சொல்லிக் கொடுத்தேன்.

அவள் முழுவதையும் கேட்டாள், மறுபடி கேட்டாள். மொதல்ல ரெண்டு மேளம் வருது, அப்புறம் ஒன்னுதான் வருது, நீங்க எங்க போனீங்க. ஓடிட்டேம்மா என்றேன். கேட்பானைக் கழற்றி என் முகத்தில் எறிந்தாள், புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கப் போன கையைப் பிடித்து என்னை நாற்காலியில் தள்ளினாள், ஒலிவாங்கியை மேசைக்குத் தாழ்த்தி, கேட்பானை எடுத்து மறுபடி என் காதில் மாட்டி, கோப்பை முதலிலிருந்து ஓடவிட்டாள். அடிங்க என்றாள்.

வெறும் கையால் மேசைப் பலகையில் அடிக்கிறேன், வேன் வருகிறது, பெட்டி விழுகிறது, அன்று நின்ற அதே இடத்தில் கை தானாக நிற்கிறது, மறுபடி என்கிறாள், ஆரம்பத்திலிருந்து வருகிறேன், அங்கேயே நிற்கிறது, மறுபடி, பலகையில் என் விரல்களின் ரத்தம், மறுபடி. எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, கை நிற்காமல் தாண்டிப் போகிறது, அந்த நாலு வினாடிக்குள் நுழைகிறேன், அண்ணனின் தோள் இடிக்கிறது, பாராங் இறங்குகிறது, அடிக்கிறேன், தம்பி அடிடா என்கிறான், அடிக்கிறேன், அவன் தடுமாறும் இடத்தில் தடுமாறாமல் அடிக்கிறேன், பதினோராவது வினாடியில் உறுமி நின்றுபோகிறது, பச்சைக் கோடு அவன் முடிந்த இடத்தைக் கடந்து வெறும் திரையில் போய்க்கொண்டே இருக்கிறது, பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது, லோஷினி போதும் என்று சொல்லவில்லை, என் அடி மட்டும் கேட்கிறது.