வீமனுக்கு விட்ட பொட்டு

பக்கத்து வீட்டு அருளம்பலண்ணையின் வளவில் பங்கர் இருந்தது. என் வளவில் ஒரு முழம் தோண்டினாலே கல். விமானம் குண்டு போட வந்தால் ஓடிப் போக எனக்கு வேறு இடம் இல்லை. இடையில் நின்றது ஒரு வேலிதான்.

மனிதர் கெட்டவர் இல்லை. "பொம்மர் வந்தா யோசியாமல் ஓடி வா, பிள்ளை. ஆனா வாசலாலை வா," என்று பங்கர் வெட்டிய அன்றே சொல்லிவிட்டார். வாசலால் போவதென்றால் என் படலையைத் திறந்து, ஒழுங்கையால் சுற்றி, முடக்குத் திரும்பி அவர் படலைக்குப் போகவேண்டும். ஏழு மாத வயிற்றோடு ஓடிப் பார்த்தால்தான் அந்தத் தூரம் தெரியும். போன வெள்ளிக்கிழமை ஹெலி தலைக்கு மேல் நின்று சுட்டபோது நான் பாதி வழியில், ஒழுங்கையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் சேற்றோடு கிடந்தேன். கணவர் கொழும்பில், பாதை பூட்டி ஐந்து மாதம். யாரிடம் போய் அழுவது?

வேலியில் ஆள் நுழைய ஒரு பொட்டு விட்டால் இருபது அடியில் பங்கர். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"பொட்டு விட்டா நீ நடப்பாய். பத்து வருஷம் நடந்தா அது பாதை. பிறகு வழக்கெண்டு போனா கோடு உன்ரை பக்கம்தான் தீர்க்கும்," என்றார். முப்பது வருடம் காணி உறுதி எழுதும் நொத்தாரிசுவிடம் கிளாக்காக இருந்தவர்.

"கோடே பூட்டிக் கிடக்குது, அண்ணை."

"திறக்காமலே விடப்போறாங்கள்?"

வாக்குவாதப்பட எனக்குத் தெம்பில்லை. திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவருடைய வாழைக்குலை இரண்டு களவு போனது. மனிதர் தானாகவே வேலியடிக்கு வந்தார். "உன்ரை வீமனை இரவிலை இங்காலை விடன், பிள்ளை. நாய்க்கு ஒரு பொட்டு விடுவம்."

"நாய் நடந்தா பாதை ஆகாதோ?"

"நாய்க்கு என்ன பாத்தியதை?"

வீமன் அல்சேஷன் கலப்பு. நின்றால் கன்றுக்குட்டி அளவு. அது நுழையும் பொட்டில் கள்ளனும் நுழைவான் என்று மூன்று நாள் யோசித்தார். சாக்குத் தொங்கவிடலாம் என்றேன். சாக்கு ஒரு கதவா என்று சிரித்தார். பிணைச்சல் போட்ட பலகை, பூட்டு தன் பக்கம் என்றார். நாய் திரும்பி வந்தால் யார் திறப்பது என்று மறித்தேன். பொம்மர் வந்தால் யார் திறப்பது என்பதுதான் என் கேள்வி; அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் ஆடுகிற தகரம், இரவில் நாய் போனபின் தன் பக்கத்தில் குறுக்குத்தடி, பகலில் திறந்தபடி என்று முடிவானது.

அளவுநாடாவோடு வந்து வீமனின் தோளை அளந்தார். "ஒண்டேகால் அடி காணும்."

"காணாது, அண்ணை. ரெண்டு அடி வையுங்கோ. வளருற நாய்."

வீமனுக்கு ஆறு வயது. முதல்நாள் குசினிக்குள் முழங்காலில் நின்று, நூலால் என் வயிற்றை அளந்து பார்த்திருந்தேன். நாய்க்கு விடுகிற ஓட்டைக்கு என்னை அளக்கும்படி ஆயிற்றே என்று அன்று நெஞ்சு வெந்தது. அவர் என்னை ஒருதரம் பார்த்தார். நாடாவைச் சுருட்டிவிட்டு இரண்டடி வெட்டினார்.

ஒன்பதாம் நாள் முற்பகல், அரிசி களையும்போது இரைச்சல் கேட்டது. வீமன் முதலில் பாய்ந்தது. நான் பின்னால் தவழ்ந்தேன். தலையும் தோளும் அந்தப் பக்கம். அவசரத்தில் சரிந்து புகுந்ததில் வயிறு வேலிக் கதியால்களுக்கு நடுவில் இறுகி, சட்டை முள்ளுக்கம்பியில் மாட்டிவிட்டது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பொம்மர் தாழப் பதிந்து வந்தது.

"அண்ணை!"

பங்கருக்குள் இருந்தவர் வெளியே ஓடி வந்தார். அந்தக் கதியால்களை வெறுங்கையால் முறித்தார். முள்ளுக்கம்பியைப் பிய்த்தார். என்னைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே விழுந்தபோது கிழக்கே எங்கோ குண்டு விழுந்து மண் கொட்டியது. அவருடைய இரண்டு உள்ளங்கையும் கிழிந்து இரத்தம். நான் அழுதேன். பயத்தில் இல்லை, களைத்துப்போய் அழுதேன்.

பின்னேரம் கத்திச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலியில் பொட்டை ஆள் உயரத்துக்கு வெட்டி முடித்திருந்தார். பிறகு ஒரு தாளோடு, அந்தப் பொட்டாலேயே நிமிர்ந்து என் வளவுக்குள் வந்தார்.

"கோவியாதை, பிள்ளை. எழுத்திலை இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

வாசித்தேன். ஐந்தரை அடி உயரமான மேற்படி பொட்டு, அயல்வளவுக் குணலட்சுமியின் நாயும் அதன் குட்டியும் போய்வருவதற்கு மட்டுமே விடப்பட்டது என்று, குண்டு குண்டான நொத்தாரிசு எழுத்தில் இருந்தது.

"அண்ணை, வீமன் கடுவன் நாயல்லோ."

"தெரியும்," என்று பேனையை நீட்டினார். "கையெழுத்தை வை."