கசந்த சுக்கினி

போன வருடம் முற்றவிட்ட காயிலிருந்து விதை எடுத்து, ரிஹாப் தானே கொல்லையில் ஊன்றி வளர்த்த சுக்கினி அது, வெள்ளரி போலிருக்கும் பூசணி வகைக் காய். பிஞ்சுகளைக் குடைந்து, அரிசியும் ஆட்டுக்கறியும் அடைத்து, தயிரில் வேகவைத்திருந்தாள். நாத்தனாரைப் பெண் கேட்டு ஸஹ்லே ஊரிலிருந்து வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய் முதல் வாயிலேயே துப்பினாள். ரிஹாபின் கணவன் கஸ்ஸானும் கைக்குட்டையில் துப்பினான்.

மாமியார் சிரித்தாள். "இந்தச் சம்பந்தம் கூடாதுன்னே சமைச்சிருக்கா பாருங்க."

"சத்தியமா இல்ல அத்தை. காயே கசந்துபோச்சு."

"அப்ப நீயே தின்னு. சட்டி காலியாகணும். கறி ஒண்ணும் உங்கப்பன் வீட்டுலேர்ந்து வரல."

ரிஹாப் கணவனைப் பார்த்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் முன்னால் அழக் கூடாது என்று அவள் சாப்பிடத் தொடங்கினாள். நாக்கு எரிந்தது. நடுவில் நிறுத்தியபோது மாமியார் தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

"குடிச்சுட்டு மீதியை முடி."

முடித்தாள்.

இரவெல்லாம் வாந்தி. விடிகையில் ரத்தமாகப் போனது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டார்: "கசந்தா துப்பணும்மா, ஏன் தின்னே? பக்கத்துல அழகுக்கு வளர்க்கிற சுரைக்கொடி ஏதாவது இருக்கா? அந்த மகரந்தம் சேர்ந்தா, விதையிலேயே விஷம் ஏறி, அதுல முளைக்கிற காயெல்லாம் கசந்துடும்."

வேலியில் படர்ந்திருந்த அந்தக் கொடி மாமியார் ஆசையாக வளர்த்தது.

"என் கொடி மேல பழி போடறதுக்கு எவ்வளவு குடுத்தா இவ அந்த டாக்டருக்கு?" என்றாள் மாமியார்.

ரிஹாப் உயிர் பிழைத்தாள். அந்த விஷத்தால் சில வாரங்களில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது.

"சம்பந்திங்க வர்ற நேரம். இந்தத் தலையோட இங்க நடமாடாதே" என்று மாமியார் அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். கஸ்ஸான் தடுக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அவனே காரோடு வந்தான். ரிஹாபுக்கு முடி விரற்கடை அளவு முளைத்திருந்தது.

"தங்கச்சி கல்யாணமாகிப் போயிட்டா. அம்மாவுக்கு முட்டி வலி. சமைக்க ஆளில்ல" என்றான்.

"அன்னைக்கு நீயும் துப்பினியே கஸ்ஸான். எப்படிக் கசக்குதுன்னு உனக்குத் தெரியும். நான் தின்னப்ப ஏன் பேசாம இருந்தே?"

"விருந்தாளிங்க இருந்தாங்க ரிஹாப். அம்மாவை எப்படி எதிர்த்துப் பேசறது?"

அவள் அண்ணன் நிதாலைப் பார்த்தாள். "நான் போகல அண்ணா."

 நிதால் உள்ளே போய் அவளுடைய பையை எடுத்து வந்து, காரின் பின் இருக்கையில் வைத்தான்.